எல்லாவற்றுக்கும் நாலு

தம்பி,

மாட்டுப்பொங்கல் அன்று காலை நான் ஈரத்துண்டோடு உன் ஆபீசுக்குள் நுழைந்துவிட்டேன். ஆபீஸ் நம் வீட்டு நடு அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், மடக்கு மேசைமேல் நடந்துகொண்டிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? குளித்த உற்சாகத்தில் பாட்டு வேறு. "வேட்டிய எங்க வச்ச?" என்று உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டே உன் முதுகுக்குப் பின்னால் வந்து, கொடியில் கிடந்ததை எடுக்கக் கையைத் தூக்கினேன். நீ திரும்பிப் பார்த்த பார்வையில்தான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக முகங்கள் இருப்பது தெரிந்தது. "அய்யய்யோ" என்றேன். சும்மா ஓடியிருக்கலாம். மரியாதை தெரிந்தவன் அல்லவா, எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன். கும்பிடப் போன கைதான் துண்டைப் பிடித்திருந்த கை. மீதியை நீயே பார்த்தாய்.

மானம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. காலமெல்லாம் வாய்க்காலில் இறங்கி நின்றவனுக்குக் கோவணம்தான் யூனிபாரம். என் மனசில் தைத்தது வேறு. அத்தனை முகத்தில் ஒரு முகம்கூடச் சிரிக்கவில்லை. ஒரு பெண் கொட்டாவி விட்டாள். ஒரு பையன் எதையோ மென்றுகொண்டே கீழே பார்த்துக்கொண்டிருந்தான். "கன்டினியூ பண்ணலாமா?" என்று ஒரு குரல் வந்தது. நீயும் கன்டினியூ பண்ணினாய். நான் ஒருமுறை மதகுச் சுவரில் வழுக்கி, எங்கள் இன்ஜினீயர் ஜே.இ. கண் முன்னாலேயே வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சாயங்காலம் வரை சிரித்தார்கள். மறுவருஷம் நடவுப் பாட்டில் அதற்கென்று இரண்டு அடி சேர்த்துக்கொண்டார்கள். முதுகு ஒடிய நட்டவர்களுக்கே சிரிக்கத் தெம்பு இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு ஒரு கிழவனின் துண்டு அவிழ்ந்தால் சிரிக்கத் தெம்பில்லை. அன்று முதல் எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரிப்பா, மீட்டிங் வந்துருச்சு" என்பாய். நானும் "சரிப்பா, சாப்பிடு" என்று வைத்துவிடுவேன். நம் இருவருக்கும் அது நன்றாகப் பழகிவிட்டது. எழுத்து எனக்குக் கஷ்டமில்லை. பத்தாவது பரீட்சையை மூன்று தடவை எழுதியவன் நான். ஒரே தடவையில் தேறியவர்களைவிட எழுதிய பழக்கம் எனக்குத்தான் அதிகம். விஷயம் இதுதான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் ஆபீசில் இரண்டாவது டீம் வேலையையும் ஏற்றுக்கொண்டுவிட்டாய் என்று உன் அம்மா சொல்கிறாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குகிறது, பொய் சொல்லக்கூடாது, ருசிக்கவில்லை.

இந்த வேலையில் நீ சேர்ந்த புதிதை நினைத்துப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி செலவுக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்டு ஜனங்கள் போடுகிற மனுவைப் பார்த்து, தரலாம், தரக்கூடாது என்று சொல்கிற வேலை என்றாய். எனக்கு முதலில் புரியவில்லை. தாலுகா ஆபீஸ் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வரும். சோறு ஆறிவிடும், நீ நிறுத்தமாட்டாய். மேனேஜரைத் திட்டுவாய், ஆஸ்பத்திரிக்காரனைத் திட்டுவாய், கையெழுத்துப் புரியாத டாக்டரை அவர் வம்சத்தோடு சேர்த்துத் திட்டுவாய். சேலத்துப் பக்கம் ஒரு அம்மாவின் மனுவில் ஒரு சீட்டு இல்லையென்று திருப்பி அனுப்ப இருந்தார்கள். நீ அந்த அம்மாவுக்கே போன் போட்டு, "அரிசி டின்னுக்குள்ள பாருங்கம்மா, எங்க வீட்ல அங்கதான் இருக்கும்" என்று சொல்லித் தேடவைத்தாய். அரிசி டின்னுக்குள்ளேயே இருந்தது! அதைச் சொல்லும்போது நீ சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "பையன் ஆபீஸ்ல வேல பாக்குறானா, குறி சொல்றானா?" என்று உன் அம்மா கேட்டாள். நான் அன்று முழுக்கக் கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் அரிசி டின்னைப் பற்றியே பேசினேன். கீழ்வேளூர் கடைத்தெருவுக்கே அந்தச் சேலத்து அம்மாவைத் தெரியும்.

பிறகு உங்கள் டீமில் ஒவ்வொருவராக விலகினார்கள். விலகியவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. அவர் வேலை மட்டும் உங்களிடம் வந்தது. ஒரு மனுவுக்கு இவ்வளவு நேரம்தான் என்று மெஷினே கடிகாரம் பார்க்கத் தொடங்கியது. போன் போட்டு அரிசி டின்னைத் தேடச் சொல்ல நேரமில்லை என்றாய். அப்போதும் திட்டினாய், முன்னைவிடப் பலமாகத் திட்டினாய். நான் கவலைப்படவில்லை. அப்புறம் ஒரு நாள் திட்டு நின்றது. "வேல எப்படிப்பா இருக்கு?" என்றால், "நல்லாருக்குப்பா." "மேனேஜரு?" "நல்லாருக்காரு." உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பய நிதானத்துக்கு வந்துட்டாங்க. கல்யாண யோகம் வந்தாலே அப்படித்தான்" என்றாள். நான் "ஆமாம்" என்றேன். அவளிடம் "ஆமாம்" சொல்வதில் எனக்கு நல்ல சர்வீஸ்.

இந்தப் பொங்கலுக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நீ இலையில் கை வைத்திருக்கும்போது போனில் ஏதோ வந்தது. இடது கையால் டக்கு டக்கு என்று அழுத்தினாய். "என்னது?" என்றேன். "ஆபீஸ்ல வருஷா வருஷம் கேப்பாங்கப்பா. வேல திருப்தியா இருக்கா, மனசு ஒட்டி வேல பாக்குறீங்களா, அந்த மாதிரி. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும்." "படிக்காமலே அழுத்துறியே?" என்று கேட்டதற்கு நீ சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "எல்லாத்துக்கும் நாலு போட்டுருவேன்ப்பா. மூணு போட்டா, என்ன குறைன்னு கேட்டு மீட்டிங் வைப்பாங்க. அஞ்சு போட்டா, இவன் தெம்பா இருக்கான்னு இன்னும் வேல குடுப்பாங்க. நாலுன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க." சொல்லிவிட்டு வடையைப் பிட்டாய். நான் சிரித்தேன். சாமர்த்தியக்காரன் என்றுகூடச் சொன்னேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஏனென்றால் அந்த நாலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நானே போட்டிருக்கிறேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆனால் அதில் எனக்கு எது பிடித்தது என்று நான் சொன்னதில்லை. நீ பள்ளிக்கூடத்தில் "அப்பா பொதுப்பணித்துறை" என்று சொல்லிவிடுவாய், கேட்டவர்கள் இன்ஜினீயர் என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் திருத்தமாட்டேன். லஸ்கர். மதகுக் கதவை ஏற்றி இறக்குகிறவன். பிற்பாடு அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் பாசன உதவியாளர் என்று வைத்தார்கள். உதவியாளர் என்றால் நான் யாருக்கோ உதவ வேண்டும், அந்த அசல் ஆள் யார் என்று ஓய்வு பெறும்வரை தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் சேர்ந்த காலத்தில் எனக்கு ஒரே வாய்க்கால். தலைப்பு மதகிலிருந்து கடைமடை வரை ஒரே வாய்க்கால், அதற்கு ஒரே ஆள். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, நம் ஆற்றுக்குத் தண்ணீர் வந்ததும் நான் மதகைத் திறப்பேன். திறந்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டேன். தண்ணீருக்கு முன்னால் நடப்பேன்.

காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் பாய்ந்து வராது, தம்பி. தவழ்ந்துதான் வரும். நுரையையும் சருகையும் நத்தை ஓட்டையும் தள்ளிக்கொண்டு, வழியில் உள்ள வெடிப்புக்கெல்லாம் குடிக்கக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஓரடி எடுத்து வைக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் நான் மண்வெட்டியோடு போவேன். எலி வளை இருந்தால் மிதித்து அடைப்பேன். மேல்மடைக்காரர் எவராவது வாழைத்தண்டைப் போட்டு மறித்திருந்தால் இழுத்துக் கரையில் எறிவேன். பெரிய பண்ணை அய்யா குடையோடு கரையில் நின்று, "என்னய்யா, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி தண்ணிய அழைச்சிக்கிட்டுப் போற? மாப்பிள்ளை எங்க வீட்டுல கொஞ்சம் தங்கிட்டுப் போகட்டுமே" என்பார். "பொண்ணு வீட்டுல காத்திருக்காங்கய்யா, முகூர்த்தம் தப்பிடும்" என்பேன். அவருக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். அவர் சிரிப்பதற்குள் நான் அடுத்த வளைவு தாண்டிவிடுவேன். நடந்து வா என்று எந்த ஆர்டரிலும் இல்லை. நடந்ததற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நடைக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் நான் வேலைக்குப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

பெண் வீடு என்று சொன்னது கடைமடையை. அங்கே அஞ்சலை அக்கா இருப்பாள். உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு ஈச்சம்பழம் கொடுப்பாளே, அவள்தான். அவள் புருஷன் அந்தக் காலத்தில் கூலிக்கும் நிலத்துக்கும் நடந்த சண்டையில் கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்கும் போய்வந்தவர். கடைசியில் பண்ணைகளிடமிருந்து உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் அவர்கள் தெருவுக்குக் கொஞ்சம் பட்டா ஆனது. எடுத்துக் கொடுக்கிறவன் நல்ல மூலையையா கொடுப்பான்? வாய்க்கால் முடிகிற இடம், உவர் தட்டிய பூமி. நிலம் வந்த கொஞ்ச காலத்தில் அந்த மனுஷன் போய்விட்டார். அக்காதான் உழுது, விதைத்து, ஊரோடு சண்டை போட்டாள். முதல் தண்ணீர் வரும் நாளில் வெற்றிலையில் சூடத்தை வைத்துக்கொண்டு வரப்பில் நிற்பாள். என் தலை தெரிந்ததும் தொடங்கிவிடுவாள். "யோவ் லஸ்கரு! தண்ணிய கூட்டிக்கிட்டு வர்றியா, வழியில சீட்டாடிட்டு வர்றியா? நெலத்த வாங்க என் ஆம்பள ஜெயிலுக்குப் போனான். தண்ணிய வாங்க நான் போகணுமா?" தண்ணீர் அவள் காலைத் தொட்டதும் சூடம் எரியும், வாய் ஓயாது. திட்டிக்கொண்டே நீராகாரம் கொடுப்பாள். அவள் திட்டையும் நீராகாரத்தையும் குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது, ஜில்லா கலெக்டர் எனக்கு எதிரே வந்தாலும் நான் ஒதுங்கியிருக்கமாட்டேன்.

அப்புறம் பக்கத்து வாய்க்கால் லஸ்கர் ஓய்வு பெற்றார். "புது ஆள் வர்ற வரைக்கும் கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கய்யா" என்றார் ஜே.இ. அரசாங்கத்தில் கொஞ்ச நாள் என்பது ஒரு நீட்டலளவை. அதைக் கண்டுபிடித்தவன் இன்னும் அளந்துகொண்டிருக்கிறான். பிறகு மூன்றாவது வாய்க்காலும் வந்தது. ஆட்சி மாறும், ஆபீஸ் சுவரில் படம் மாறும், சங்கத்தில் புது மனு எழுதி, புது மந்திரிக்குச் சால்வை போடுவோம். அடுத்த தேர்தலில் பழைய படம் திரும்ப வரும்; பழைய மனுவைத் தூசி தட்டிக் கொடுப்போம். காலி இடம் மட்டும் காலியாகவே இருந்தது. முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மூணு வாய்க்காலுக்கும் நீதான்யா ராஜா" என்று ஜே.இ. முதுகில் தட்டினார். ராஜா ஒரு பழைய மொபெட்டை வாங்கினான். ஒரு மதகைத் திறந்துவிட்டு, தண்ணீர் புறப்படுவதற்கு முன் வண்டியை உதைத்து அடுத்த மதகுக்கு ஓடினான். உன்னை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு போவேனே, நீ ஹாரனை அழுத்திக்கொண்டே வருவாய். உனக்கு அது சவாரி. எனக்கு, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பிப் பார்க்க நேரமில்லாத ஓட்டம்.

முதல் வருஷம் நான் நடந்து வரவில்லை என்றதும் அஞ்சலை அக்கா மதகுக்கே வந்துவிட்டாள். "வண்டி வந்தோன்ன காலு தேஞ்சு போச்சா? மேல்மடையில மூணு எடத்துல மறிச்சி வச்சிருக்கான், கண்ணு அவிஞ்சிருச்சா?" என்று என் மொபெட்டின் காற்றைப் பிடுங்கிவிட்டாள். தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். கோபமும் வந்தது, உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. மறுவருஷம் வந்து சத்தம் போட்டாள், காற்றைப் பிடுங்கவில்லை. அதற்கடுத்த வருஷம் அவள் வரவில்லை. நானே ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனேன். அவள் வயலில் பயிர் இல்லை, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "வாங்க சார். நல்லாருக்கீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். தம்பி, என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு கேவலமாக யாரும் திட்டியதில்லை. யோவ் லஸ்கரு என்று கூப்பிட்டவரைக்கும் நான் அவளுக்கு ஏதாவது செய்வேன் என்று நம்பிக்கொண்டிருந்தாள். சார் என்றதும் முடிந்துவிட்டது.

அதே வருஷம் ஆபீசில் கூட்டம். புது ஜே.இ., நல்ல பையன், நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டான்: "உங்களுக்கு ஏதும் கஷ்டம் இருக்கா? மனசு விட்டுச் சொல்லுங்க." முன்பெல்லாம் கூட்டம் என்றால் நான் பேசுகிற பேச்சில் டீ ஆறிவிடும். கதவுக்குக் கிரீஸ் இல்லை என்பேன், காட்டாமணக்கு மண்டிக்கிடக்கிறது என்பேன், ஆளைப் போடு என்பேன். அன்று என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். சொல்ல எல்லாம் இருந்தது. சொல்லி என்ன என்றும் இருந்தது. "ஒண்ணுமில்லீங்க சார், எல்லாம் நல்லாருக்கு" என்று உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நான் போட்ட நாலு. அந்த வருஷம் என்னைத் தகராறு இல்லாத ஊழியர் என்று பாராட்டிச் சில்வர் குடம் கொடுத்தார்கள். நம் வீட்டில் பின்பக்கம் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளே உன் அம்மா, அந்தக் குடம்.

இப்போது உனக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. வந்து என்ன செய்வாய்? விவசாயம் பார் என்று சொல்கிறவர்களெல்லாம் விவசாயம் பார்க்காதவர்கள். வேறு கம்பெனிக்குப் போ என்றால், அங்கேயும் இதே கட்டம், இதே கொட்டாவி என்கிறாய். பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றால், நான் கடித்த பல்லின் கதியை நீயே பார்க்கிறாய், கீழ்வரிசையில் மூன்றுதான் மிச்சம். வைகாசியில் கல்யாணம். திருப்பனந்தாள் சம்பந்தி நேற்றுக்கூடப் போன் செய்து, "மாப்பிள்ளைக்கு ரெண்டு டீம் குடுத்திருக்காங்களாமே, பெரிய பொறுப்புங்க!" என்றார். "ஆமாங்க, எல்லாம் உங்க பொண்ணு ராசி" என்றேன். பார், யாருக்கு வேண்டுமானாலும் பதில் வைத்திருக்கிறேன், உனக்கு மட்டும் இல்லை. மதகைத் திறக்கவும் மூடவும் தெரிந்த அப்பன் நான். உள்ளே வற்றிப்போவதை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரியாததை உனக்கு எந்த ஆற்றிலிருந்து கொண்டுவந்து பாய்ச்சுவேன்?

அன்று நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயில். நீ ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாய். நான் கீழே நின்று, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, முறுக்கு டப்பா மேலே இருக்கிறதா என்று கேட்ட கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வேதாரண்யம் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நீ திடீரென்று குனிந்து, "அப்பா, ஒங்களுக்கு மூணு வாய்க்கால் குடுத்தாங்கல்ல, அப்ப ஒங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றாய். "எப்படி?" என்றேன். "கோவமும் வராம, சந்தோசமும் வராம. சும்மா கை மட்டும் வேல பாக்கும்." நான் "ம்" என்றேன். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உனக்கு மட்டும் வந்த நோய் இல்லை என்று தெரிந்த வெளிச்சம். "அப்பறம் திரும்பி வந்துச்சாப்பா? பழைய மாதிரி, பிடிச்சு செய்யறது?" கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். வண்டி நகர்ந்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், ஐந்து வயதில் மொபெட்டில் நின்று திரும்பிப் பார்ப்பாயே, அப்படி. நான் தலையை ஆட்டினேன். நீ சிரித்தாய். பொங்கலுக்கு வந்ததிலிருந்து நீ பல் தெரியச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சென்னை போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தாய். "அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மா, அப்பறம் சரியாயிருச்சாம். கொஞ்ச நாள்தான. அதான் ரெண்டாவது டீமையும் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றாயாம். கொஞ்ச நாள்! அந்த அளவையை நீயும் கற்றுக்கொண்டுவிட்டாய். உன் அம்மா பாயசம் வைத்தாள். "மத்தவங்க அப்பன் மாதிரி புத்தி சொல்றேன்னு அறுக்காம, ஒரு தலையாட்டல்ல புள்ளைக்கு தைரியம் குடுத்துட்டீங்களே" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணம் ஆன புதிதில் பார்த்த பார்வை. நான் பாயசத்தைக் குடித்தேன். இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தேன். என்ன மனுஷன் பார் நான்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் நடந்த ஒன்றை உங்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. நீ கேட்ட அதே கேள்வி எனக்கும் இருந்தது: திரும்பி வருமா? பரீட்சை பண்ணிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. தண்ணீர் வரும் நாளில் ஜே.இ.யிடம் லீவு எழுதிக் கொடுத்தேன். "தண்ணி வர்ற அன்னைக்கா? என்னய்யா அவசரம்?" என்றார். "சொந்த வேலைங்க சார்" என்றேன். அன்று அவர் வேறொருவரை வைத்து மற்ற மதகுகளைப் பார்த்துக்கொண்டார். நான் மொபெட்டை வீட்டில் விட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, என் பழைய வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் நடந்தேன். என் வேலையைச் செய்ய லீவு போட்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எலி வளையை மிதித்தேன். வாழைத்தண்டை இழுத்து எறிந்தேன். எல்லாம் முறையாகச் செய்தேன். நுரை வந்தது, சருகு வந்தது, நத்தை ஓடு வந்தது. கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அஞ்சலை அக்கா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "வெயில்ல ஏன் சார் நடந்து வந்தீங்க?" என்றாள். தண்ணீர் அவள் காலைத் தொட்டது. நான் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒன்றுமில்லை. மூன்றாவது மதகை இந்நேரம் திறந்திருப்பார்களா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் பஸ் கொடிமரத்தைத் தாண்டித் திரும்புகிறவரை நான் அங்கேயே நின்றேன். திரும்பியதும் வாய் தானாகத் திறந்தது. வேதாரண்யம் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், தன்னிடம் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து, "என்னங்க?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

வரலடா, தம்பி. திரும்பி வரவே இல்லை.